பள்ளிக்குப் பூர்வகுடிக் கலைஞர்கள் வரும்போது: சிட்னிக்குப் புதிதாய் வந்த பெற்றோருக்கு

வென்ட்வர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் குடியேறி, பிள்ளையை ஆரம்பப் பள்ளியில் சேர்த்த சில மாதங்களில் பள்ளியின் செயலியில் ஒரு செய்தி வரும். பூர்வகுடி மக்களின் பாட்டும் ஆட்டமும் பள்ளியில் நடக்கப்போகிறது, உதவிக்குப் பெற்றோர் சிலர் வேண்டும் என்று. நம்மவர்கள் பலர் அதைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். விருப்பம் இல்லாமல் இல்லை, 'நமக்கு இதைப் பற்றி என்ன தெரியும்' என்ற தயக்கம்தான். நானும் அதே தயக்கத்தோடு ஒரு பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கினேன். அதற்குப் பிறகு பல முறை இந்த ஏற்பாட்டில் வேலை பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்த பிழைகளும் உண்டு. நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை, 'விருந்தினர் வருகிறார்கள்' என்று நினைத்து ஓடியாடியது. வருகிறவர்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள். வீட்டுக்காரர் அவர்கள். விருந்துக்கு வந்திருப்பது நாம், பள்ளிக்கூடமும் சேர்த்துத்தான். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

முதல் வேலை: எந்த மண்ணில் இருக்கிறோம் என்று அறிவது

யாரையும் அழைப்பதற்கு முன் உங்கள் பள்ளி எந்த மக்களின் நிலத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி அலுவலகத்திலோ நகராட்சி நூலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். மேற்கு சிட்னியின் பெரும்பகுதி டாருக் மக்களின் நிலம். மேஸ் ஹில்லில் நாம் கும்பிடப் போகும் முருகன் கோயிலும் அவர்கள் மண்ணில்தான் நிற்கிறது. நகரின் மையப்பகுதி கடிகல் மக்களுடையது. மெல்பர்னில் இருப்பவர்கள் வுருண்ட்ஜெரி, புனுரோங் என்ற பெயர்களைக் கேட்பீர்கள். வெள்ளையர் வந்து இறங்கிய 1788-இல் இந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஆகவே 'ஆஸ்திரேலியப் பூர்வகுடி நடனம்' என்று ஒற்றை நடனம் கிடையாது. ஒவ்வொரு மக்களுக்கும் தனித்தனிப் பாட்டு, தனித்தனி ஆட்டம், அதை ஆட உரிமை உள்ளவர்கள் என்று ஒரு வரம்பு.

நம் தெருக்களின் பெயர்களிலேயே இந்த வரலாறு இருக்கிறது. பரமாட்டா என்ற பெயர் பர்ரமட்டகல் குலத்தின் பெயரிலிருந்து வந்தது. விலாங்கு மீன் வாழும் இடம் என்று பொருள் சொல்வார்கள். ரக்பி அணி ஈல்ஸ் என்று விலாங்கின் பெயரை வைத்திருப்பதும் அதற்குப் பொருத்தம்தான். டூங்காபியில் இருந்த அரசுப் பண்ணையை 1797-இல் தாக்கியவர் பெமுல்வுய் என்ற பிஜிகல் குலத்து வீரர். அதையொட்டிப் பரமாட்டாவில் நடந்த சண்டையில் குண்டடி பட்டும் தப்பித்தார். பெண்டில் ஹில்லுக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. நான் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டி எத்தனையோ நாள் கடைக்குப் போய் வந்திருக்கிறேன், யார் என்று கேட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. 1814-இல் ஆளுநர் மக்குவாரி பரமாட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கும் ஏற்பாடு அது. 1823-இல் அது இடம் மாறிய ஊர்தான் இன்றைய பிளாக்டவுன். அந்த ஊர்ப்பெயரே அப்படி வந்ததுதான். அந்தப் பள்ளி இருந்த நிலம் 2018-இல் டாருக் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அதோடு நியூ சவுத் வேல்ஸில் 1972 வரையிலும், மற்றப் பெற்றோர் எதிர்த்தால் பூர்வகுடிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளி முற்றத்தில் நாற்காலியில் வந்து உட்காரும் மூதாட்டி, சிறுமியாக இருந்தபோது ஒரு பள்ளிக்கூட வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவராக இருக்கலாம். அவர் இன்று நம் பிள்ளைகளுக்குப் பாட வருகிறார். ஏற்பாட்டு வேலை சலிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் நாம் பூர்வகுடி மக்கள், முதற்குடி மக்கள் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அபோரிஜினல், டோரஸ் ஸ்ட்ரெயிட் ஐலண்டர் (வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளின் மக்கள்) என்பன இரு வேறு மக்களைக் குறிக்கும், இரண்டையும் சொல்ல வேண்டும். 'அபோரிஜினி' என்று முடிப்பது பழைய வழக்கம், இப்போது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. சொல்லை மூன்றெழுத்தாகச் சுருக்குவது வசைச்சொல், வீட்டிலும் வேண்டாம். கலைஞர்கள் தங்களை எந்த மக்களின் பெயரால் சொல்லிக்கொள்கிறார்களோ அதையே நாமும் சொல்வது எல்லாவற்றிலும் நல்லது.

பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று பெயருக்கு முன்னால் சேர்த்து அழைப்பார்கள். யாரைப் பார்த்தாலும் மாமா, அத்தை என்று அழைத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை. ஆனால் இங்கே அது சமூகம் கொடுத்த மரியாதைப் பட்டம். அப்படி அறிமுகம் செய்யப்பட்டால் அழையுங்கள், நாமாக முந்திக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் இரண்டு சடங்குகள். 'வெல்கம் டு கன்ட்ரி' என்பது அந்த நிலத்துக்கு உரிய மக்களின் பெரியவர் மட்டுமே தரக்கூடிய வரவேற்பு. 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி' என்பது நிலத்துக்கு உரியவர்களை மதித்துச் சொல்லும் சில வரிகள், அதை யாரும் சொல்லலாம், நம் பிள்ளையும் சொல்லலாம். இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் அழைக்கும் நடனக் குழு வடக்கு ஆஸ்திரேலியாவையோ குயின்ஸ்லாந்தையோ சேர்ந்ததாக இருந்தால், அவர்களால் டாருக் நிலத்தில் வரவேற்புச் சொல்ல முடியாது. அவர்களும் இங்கே விருந்தினர்தான். அதற்கு டாருக் பெரியவர் ஒருவரைத் தனியாக அழைக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு குழுவிடம் 'நீங்களே வெல்கமும் சொல்லிவிடுங்கள்' என்று நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். கேட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சம்.

எப்போது, யாரிடம் கேட்பது

பெரும்பாலான பள்ளிகள், பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்தை ஒட்டியே அழைக்கின்றன. அது ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை. 1938 ஜனவரி 26 அன்று சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் கூடி நடத்திய துக்க நாள் கூட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. நம் மாநிலத்தில் அந்த வாரம் அநேகமாகக் குளிர்கால விடுமுறைக்குள் விழுந்துவிடும். அதனால் பள்ளிகள் எல்லாம் இரண்டாம் பருவத்தின் கடைசியிலோ மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளும். எல்லாரும் ஒரே நாள்களைக் கேட்டால் கலைஞர்கள் என்ன செய்வார்கள்? காலையில் ஒரு பள்ளி, மத்தியானம் ஒரு பள்ளி என்று ஓடுவார்கள். ஆகவே பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள். மே 27 முதல் ஜூன் 3 வரை பூர்வகுடி மக்களோடு உறவைச் சீர்செய்வதற்கான நல்லிணக்க வாரம், அதுவும் நெருக்கடியான நேரம். தேதியில் பள்ளிக்குப் பிடிவாதம் இல்லையென்றால் ஆகஸ்ட், அக்டோபரில் அழையுங்கள். கலைஞர்கள் சாவகாசமாக வருவார்கள், பேச நேரம் இருக்கும். எனக்கு இதுதான் பிடித்த வழி.

யாரிடம் கேட்பது என்றால், முதலில் பள்ளிக்குள்ளேயே. பூர்வகுடிக் கல்வி அலுவலர் இருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளியில் படிக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் குடும்பங்கள் விரும்பினால் ஆலோசனை சொல்வார்கள். ஆனால் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. மாநிலம் முழுக்கப் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன, ஏஇசிஜி என்பார்கள். உங்கள் வட்டாரத்து லோக்கல் அபோரிஜினல் லேண்ட் கவுன்சிலையும் (பூர்வகுடி நில மன்றம்) கேட்கலாம். டிட்ஜெரிடூ என்பது மரத்தாலான நீண்ட ஊதுகுழல்; இணையத்தில் 'டிட்ஜெரிடூ வாசிப்பவர் வாடகைக்கு' என்று தேடி முதலில் வருபவரைக் கூப்பிடுவதைக் கடைசி வழியாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் யார், எந்த மக்களைச் சேர்ந்தவர், வட்டாரத்துப் பெரியவர்களுக்கு அவரைத் தெரியுமா என்பதெல்லாம் தெரியாமல் போய்விடும்.

பேசும்போது 'இதைச் செய்யுங்கள், அதை ஆடுங்கள்' என்று பட்டியல் கொடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எதைக் காட்ட விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். சில ஆட்டங்கள் பொதுவில் ஆடுவதற்கு இல்லை. சில ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். சமூகத்தில் ஒரு சாவு நேர்ந்தால் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியைத் தள்ளிப்போட நேரலாம். 'சாரி பிசினஸ்' என்று சொல்வார்கள். துக்க வீட்டுக்காரரிடம் நாம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே. காரணத்தைக் குடையாமல் வேறு நாள் கேளுங்கள்.

காசு

நேராகச் சொல்கிறேன். கேட்ட தொகையைக் கொடுங்கள். 'பிள்ளைகளுக்குத்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா' என்ற பேச்சே வேண்டாம். அவர்கள் கொண்டுவருவது தலைமுறை தலைமுறையாக வந்த கல்வி, அதைப் பாதுகாக்க அவர்கள் குடும்பங்கள் கொடுத்த விலை பெரிது. வரவேற்புச் சொல்லும் பெரியவருக்கும் தனியாக ஊதியம் உண்டு. பள்ளிக் கணக்கிலிருந்து பணம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்றால், விலைச்சீட்டை முன்கூட்டியே வாங்கி, நிகழ்ச்சி நடக்கும் வாரத்திலேயே பணம் சேரும்படி அலுவலகத்தில் பேசிவையுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான சான்று, காப்பீடு போன்ற தாள்களையும் அப்போதே கேட்டு முடித்துவிட்டால் வாசலில் நிறுத்திவைத்துக் கேட்கும் அவலம் வராது.

இடமும் நேரமும்

ஆடுகிறவர்கள் வெறுங்காலோடு ஆடுவார்கள். சிட்னிப் புல்தரையில் பிண்டி என்று ஒரு களை இருக்கிறது, நம்மூர் நெருஞ்சி மாதிரி காலில் தைக்கும். வசந்த காலத்தில் முள் காய்க்கும். அக்டோபரில் அழைத்தால் அதற்கு முந்தைய வாரமே செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் நீங்களே நடந்து பாருங்கள். நான் அப்படித்தான் செய்வேன், வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடில்லை. சிமெண்ட் முற்றம் வேண்டாம். வெயிலில் சுடும், குதிக்கும்போது முழங்காலுக்கும் கேடு.

ஜூலைக் காலையில் மேற்கு சிட்னி 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். உடம்பில் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு திறந்த மார்போடு நிற்பவர்களை ஒன்பது மணிப் பனியில் ஆடச் சொல்லாதீர்கள். பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பூசிக்கொள்ள, உடை மாற்ற, கழுவ ஓர் அறை வேண்டும். பிள்ளைகளின் கழிவறையைக் காட்டுவது சரியல்ல. வண்டியை மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்த இடம், பெரியவருக்கு நிழலில் நல்ல நாற்காலி, எல்லாருக்கும் தண்ணீர், தேநீர். ஒரு பெற்றோரை அவர்களோடேயே இருக்கச் செய்யுங்கள், வாசலில் வரவேற்பது முதல் வழியனுப்புவது வரை.

புகைச் சடங்கும் நடப்பதாக இருந்தால் தனிக் கவனம் வேண்டும். யூகலிப்டஸ் போன்ற உள்ளூர் மரங்களின் பச்சை இலைகளைத் தணலில் இட்டுப் புகை எழுப்புவார்கள், தீயதை விலக்கி இடத்தைத் தூய்மை செய்ய. சாம்பிராணிப் புகையில் வளர்ந்த நமக்கு அந்த வாசம் ஏதோ ஒரு விதத்தில் பழகியதுபோல் இருக்கும். மண்டபத்துக்குள் செய்தால் தீ எச்சரிக்கை மணி அடித்து, தீயணைப்பு வண்டியே வந்துவிடும், ஆகவே வெளியில்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் காற்று வரும் பக்கத்தில் உட்கார வையுங்கள், புகை அவர்கள் மேல் போகாது. அன்று தீ மூட்டத் தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்றும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைத் தயார்செய்வது

இதற்கு ஒரு வாரமாவது வேண்டும். ஆசிரியரோடு பேசி ஒரு வகுப்பு நேரம் வாங்குங்கள். டாருக் மக்களின் சொற்களைப் பிள்ளைகள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தொடங்கினால் கண்கள் விரியும். டிங்கோ, வாலபி, வோம்பாட், கோவாலா எல்லாம் சிட்னிப் பக்கத்து மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனதை நம் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லலாம். 'வரமி' என்பது டாருக் மொழியில் வணக்கம். சொல்லிப் பழகட்டும்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் சில நேரம் காயப்படுத்தும். 'நீங்கள் நிஜமாகவே பூர்வகுடியா? வெள்ளையாக இருக்கிறீர்களே' என்று ஒரு பிள்ளை கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். தோல் நிறத்தில் இல்லை அது, குடும்பத்திலும் சமூகத்திலும் மண்ணிலும் இருக்கிறது என்று முன்பே சொல்லிவையுங்கள். எத்தனை சதவீதம் என்று கேட்பது இன்னும் மோசம். அந்தக் காலத்தில் இப்படி வாழ்ந்தார்கள் என்று இறந்தகாலத்தில் மட்டும் பேசும் பழக்கத்தையும் மாற்றுங்கள். முன்னால் நிற்பவர் நேற்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவராக இருக்கலாம்.

முகத்தில் சாயம் பூசிவிடுவது, அட்டையில் தலைப்பாகை செய்து மாட்டிவிடுவது, இவற்றைக் கலைஞர்களைக் கேட்காமல் செய்யவே வேண்டாம். புள்ளி ஓவியம் வரையச் சொல்வதும் அப்படித்தான். கித்தானில் புள்ளி வைத்து வரையும் அந்தப் பாணி 1971-இல் மத்தியப் பாலைவனத்தில் உள்ள பபுன்யாவில், அங்கிருந்த பள்ளியின் சுவரில் பெரியவர்கள் தேன் எறும்பை வரைந்ததையொட்டி வளர்ந்தது. அதில் அந்த மக்களின் கதைகள் இருக்கின்றன. சிட்னிப் பக்கத்துக் கலை மணற்பாறைகளில் செதுக்கிய திமிங்கிலமும் கங்காருவும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அன்றைக்கு

பாட்டோடு இரண்டு கோல்களைத் தட்டும் ஒலி வரும், அதுதான் தாளம். பிள்ளைகள் அதைக் காதால் பிடிக்கட்டும். டிட்ஜெரிடூ வாசித்தால், அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று வாசிப்பவரிடமே கேளுங்கள். அது வடக்கு ஆஸ்திரேலியாவின் கருவி. ஆர்ன்ஹெம் லேண்டின் யோல்ங்கு மக்கள் யிடகி என்பார்கள். கரையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரத்தில் செய்வது. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதும் வித்தை அதில் இருக்கிறது. பாம்பாட்டியின் மகுடியும் அப்படித்தான் விடாமல் ஒலிக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். பல சமூகங்களில் பெண்கள் அதை ஊதுவது வழக்கமில்லை. ஆகவே 'நானும் ஊதிப் பார்க்கட்டுமா' என்று யாரும் கை நீட்டக் கூடாது. அவராக அழைத்தால் மட்டும்.

டோரஸ் நீரிணைத் தீவுகளின் குழு வந்தால் எல்லாமே வேறு. மணற்கடிகை வடிவத்தில் வருப் என்ற பறை, விதைகளைக் கோத்த குலுக்கி, தலையில் தாரி என்ற இறகு அணி. அந்த தாரிதான் பெர்னார்ட் நமொக் 1992-இல் வரைந்த அவர்கள் கொடியின் நடுவிலும் இருக்கிறது. பள்ளிக் கொடிமரத்தில் அந்தக் கொடியும், ஹரோல்ட் தாமஸ் 1971-இல் வரைந்த கருப்பு, சிவப்பு, மஞ்சள் கொடியும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். அந்தக் கொடியில் கருப்புத்தான் மேலே.

நடுவில் எல்லாரையும் ஆட அழைப்பார்கள். கையைக் கழுத்தாக்கி ஈமு நடக்கும், கங்காரு காதைத் திருப்பிக் கேட்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் ஓரமாக நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அழைப்பை மறுத்ததாகிவிடும். போய் ஆடுங்கள். படம் எடுப்பதற்கு முன்பே அனுமதி கேட்டிருக்க வேண்டும், எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே ஒருவர் அறிவிக்கட்டும்.

நம்மவர்களுக்கென்று ஒரு சொல். 'உங்கள் மொழி தமிழிலிருந்து வந்தது, நாமெல்லாம் ஒரே இனம்' என்று வாட்சப்பில் வந்ததை அவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள். மொழியியலில் அப்படி ஓர் உறவு நிறுவப்படவில்லை. தங்கள் மொழியைப் பேசியதற்குத் தண்டனை வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அதை ஒவ்வொரு சொல்லாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் அதுவும் எங்களுடையது என்று சொல்வது அன்பு ஆகாது. பூமராங்கைப் பார்த்துச் சிவகங்கைச் சீமையின் வளரி நினைவுக்கு வந்தால் அதைச் சொல்லலாம். ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் அரை மணி நேரம் பேசினார். அன்றைய மேடையில் பரதநாட்டியமும் சமோசாக் கடையும் சேர்த்து எல்லாப் பண்பாடுகளின் விழாவாக்கும் ஆசையும் வரும். அதற்கு மார்ச்சில் ஹார்மனி வாரம் இருக்கிறது. இந்த நாளை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முடிந்த பிறகு

பிள்ளைகள் வரைந்த படங்களையும் எழுதிய கடிதங்களையும் ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். கற்றுக்கொண்ட ஆட்டத்தை ஆண்டு விழாவில் ஆட வேண்டுமென்றால் மறுபடி அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த படங்களைக் குடும்பக் குழுவில் போட வேண்டாம். அதில் இருப்பவர் பின்னர் காலமானால், அவர் பெயரையும் படத்தையும் சிறிது காலம் காட்டக் கூடாது என்ற வழக்கம் பல சமூகங்களில் உண்டு. பள்ளி வலைத்தளத்தில் படம் இருந்தால் எடுத்துவிடும்படி குடும்பம் கேட்கலாம். யாரிடம் சொன்னால் எடுப்பார்கள் என்பதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான தேதியையும் அந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். அதே குழு, அதே பெரியவர். இரண்டாம் முறை வரும்போது பிள்ளைகளே வாசலுக்கு ஓடிப்போய் 'வரமி' என்பார்கள், பைகளை வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் அந்தப் புல்தரையில் முள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.